மயிரிழை எழுத்து

எங்கேயாவது 'வோக்' பத்திரிகை கண்ணில் பட்டால், உள்ளே புரட்டுவதற்கு முன் அதன் தலைப்பைக் கவனியுங்கள். முதல் எழுத்தின் இடது கால் தூண் மாதிரி தடிமன். வலது கால் மயிரிழை. அந்த மயிரிழைக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது.

பழைய ஐரோப்பியப் படப் புத்தகங்களில் எழுத்தும் படமும் வேறு வேறு ரகம். ஈய எழுத்தில் மேடான பாகம் அச்சாகும். செப்புத் தகட்டுப் படத்தில் நேர் எதிர்: உளியால் கீறிய பள்ளத்தில் மை நிற்கும், காகிதத்தை அழுத்தி அதை எடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் வேண்டுமென்றால் காகிதம் இரண்டு யந்திரம் ஏறி இறங்கணும். சிரமப்பட்டு அச்சடித்தாலும், படத்தின் நுணுக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் மொத்தையாகத் தெரியும்.

1690களில் பிரான்சின் பதினான்காம் லூயியின் அச்சகத்துக்குப் புது எழுத்து உருவாக்க ஓர் அறிஞர் குழு உட்கார்ந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் 2,304 குட்டிக் கட்டங்கள் போட்டு வரைந்தார்கள். அதைச் செப்பில் செதுக்கியவர் சிமோனோ. பார்த்து எஃகில் வெட்டிய கிராண்ழான், கட்டத்தைவிடத் தன் கண்ணைத்தான் அதிகம் நம்பினார். (கமிட்டிகளுக்கு நேர்வதுதான்!) 1702-ல் மன்னரின் பதக்கங்களைப் பற்றிய படப் புத்தகத்தில் அந்த எழுத்து அறிமுகமானது. செப்புக் கோட்டின் மெலிவு ஈயத்துக்கு வந்துவிட்டது.

இங்கிலாந்தில் பாஸ்கர்வில் 1757-ல் வெர்ஜில் கவிதைகளை மெல்லிய எழுத்தில் அச்சிட்டார். அதற்காகக் காகிதத்தைச் சூடாக அழுத்தி வழவழப்பாக்கினார். 'இதைப் படித்தால் தேசமே குருடாகும்' என்கிற ரீதியில் ஒருவர் புலம்ப, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு வேலை செய்தார். காஸ்லன் என்ற வேறொருவரின் எழுத்து மாதிரித் தாளில் பெயரைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று நீட்டினார். அந்த ஆள் வரிக்கு வரி குறை கண்டுபிடித்தார்! 1760-ல் ஃபிராங்க்ளின் இதை பாஸ்கர்வில்லுக்கே எழுதியிருக்கிறார்.

பிறகு பாரிஸில் டிடோ, பார்மாவில் போடோனி என்று மயிரிழை இன்னும் மெலிந்தது. தலைப்பில் கொள்ளை அழகு. ஆனால் பொடி எழுத்தில் பத்துப் பக்கம் படித்தால் கம்பி வேலியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். புலம்பினவர் ஆளைத் தப்பாகப் பிடித்தாரே தவிர, கவலை முழுக்கத் தப்பில்லை. படம் பார்ப்பதற்கு, எழுத்து, பார்த்ததே தெரியாமல் படிப்பதற்கு.

சந்தேகமிருந்தால் கம்ப்யூட்டரில் 'போடோனி'யைப் பெரிசாக அடித்து ரசியுங்கள். அப்புறம் எட்டுப் பாயின்ட்டுக்குச் சுருக்கி, ஒரு பக்கம் படித்துப் பாருங்கள்.