பத்து சதவீதத்தை எங்கே வைப்பது?

லே-அவுட் வரைகிறவனின் மேசைக்கு வரும் நிலம் எப்போதுமே கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் முதலில் 240 சென்ட்டுக்கு மட்டும் புலப்படத்தை நீட்டுவார். ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். 240 சென்ட் என்றால் 9,712 சதுர மீட்டர். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. பத்தாயிரத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டு விதிப்படி வசதி குறைந்தவர்களுக்கு இ.டபிள்யூ.எஸ். மனைகள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். "இது ஃபேஸ் ஒன்னு சார், மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் ப்ரொமோட்டர். பக்கத்து நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதற்குப் பாதை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் மிச்சக் கதை தெரிந்துவிடும்.

நான் இருப்பது புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில். ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும், சற்றுத் தள்ளி நகரத்தின் பேருந்து நிலையம். வேலையோ எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். புதுச்சேரிப் பகுதி மொத்தமே சுமார் 293 சதுர கிலோமீட்டர். அதுவும் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே ஒன்பதரை லட்சம் பேர். கடலூர் சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. பையில் புதுச்சேரித் திட்டக் குழுமத்தின் (பி.பி.ஏ.) கோப்பும் தமிழ்நாட்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) கோப்பும் சேர்ந்தே கிடக்கும். இந்தப் பக்கத்துப் பத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஹெக்டேர்–ஆர்–சென்டியார், பேச்சில் குழி. அந்தப் பக்கம் சென்ட்.

வசதியானவர்களுக்காகக் கட்டும் இடத்திலேயே வசதி குறைந்தவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் புது யோசனை இல்லை. 2005-ல் மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டமான ஜே.என்.என்.யு.ஆர்.எம். வந்தபோது, வீட்டுத் திட்டங்களில் 20 முதல் 25 சதவீத நிலத்தை ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்க்காரர்களுக்கும் ஒதுக்குவது சீர்திருத்தப் பட்டியலில் இருந்தது. அந்தத் திட்டத்தின் நகரங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2007-ன் தேசிய நகர்ப்புற வீட்டுவசதிக் கொள்கையும் அதையே பேசியது. தமிழ்நாட்டில் அது விதியாக உருப்பெற்றது சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில், 2008-ல். பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் குடியிருப்புத் திட்டத்தில், சாலை போக மீதியில் பத்து சதவீதம். அதில் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள். அதே இடத்தில் அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள். மனைப்பிரிவு என்றால் பத்து சதவீதம் சிறு மனைகள். ஒன்றோடொன்று சேர்க்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது. 2019-ல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது கடலூர், விழுப்புரம் கோப்புகளிலும் இந்தக் கணக்கு நுழைந்தது.

45 சதுர மீட்டர் என்பது 484 சதுர அடி. எங்கள் ஊர்க் குழி 576 சதுர அடி. ஆக, சட்டம் கேட்பது ஒரு குழிக்கும் குறைவு. இதற்குத்தான் இவ்வளவு ஒளிந்து விளையாடுகிறோம்.

பத்து சதவீதம் என்றதும் எல்லோரும் சின்னப் பங்கு என்று நினைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது 20,235 சதுர மீட்டர். சாலை போக 14,000 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓ.எஸ்.ஆர். என்ற திறந்தவெளி ஒதுக்கீட்டில் பூங்காவுக்கு 1,400, சிறு மனைகளுக்கு 1,400. மிச்சம் 11,200-ல் 1,200 சதுர அடி மனை நூறு வரும். அந்த 1,400-ல் 480 சதுர அடி மனை முப்பது வரும். 130 குடும்பங்களில் 30. நிலத்தில் பத்தில் ஒன்று, ஆனால் அங்கே வாழப்போகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்த நாலில் ஒரு பங்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அந்த மனைப்பிரிவின் குணமே இருக்கிறது. அதை முடிவு செய்வது சட்டசபை இல்லை. வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கிற ஆள்.

விதி சதவீதத்தைச் சொல்கிறது. இடத்தை வரைகிறவன் கையில் விட்டுவிடுகிறது. அந்தக் கை பழக்கத்தில் எங்கே போகும் என்பது அப்ரூவல் ஆன எந்தப் படத்தைப் புரட்டினாலும் தெரியும். சாலை, பூங்கா, பெரிய மனை எல்லாம் போட்டு முடித்தபின் வாய்க்கால் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு துண்டு மிஞ்சும். அதில்தான் வரிசையாக "இ.டபிள்யூ.எஸ்." என்று எழுத்து விழும். நிலமட்டம் அங்கேதான் தாழ்ந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழையில் மேட்டு மனைக்காரருக்கு ஒரு ராத்திரித் தொல்லை என்றால் அந்த மூலைக்காரருக்கு ஒரு வாரத் தொல்லை.

பிரித்து வைத்து வரைவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. புதுச்சேரியின் நேர்க்கோட்டுத் தெருக்களுக்கான திட்டம் 1693 முதல் 1699 வரை இங்கே இருந்த டச்சுக்காரர் காலத்தது. பின்னால் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்றானது. மேற்கிலும் செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளர் தெரு என்று சாதிக்கு ஒரு தெரு. சுற்றுலா வருகிறவர்கள் அந்த நேர்த்தியைப் படம் எடுத்துப் போகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைக் கோடு போட்டுத் தீர்மானித்த நேர்த்தி அது என்பதை வரைகிறவன் மறக்கக் கூடாது.

அதனால் நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவேன். சிறு மனைகளுக்கு இடம் குறித்த பிறகுதான் பெரிய மனைகள். முதலில் லெவல் எடுத்து, தாழ்ந்த மூலையில் குடியிருப்பு மனையே வராமல் வடிகாலுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுவேன். அடுத்தது பிளாக் முனை. 30-க்கு 40 அடி மனைகள் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை நின்றால், பிளாக்கின் முனையில் குறுக்குத் தெருவைப் பார்த்தபடி 80 அடி நீளம் கிடைக்கும். வழக்கமாக அங்கே இரண்டு கார்னர் மனைகள். அதே 30-க்கு 80 அடியைக் குறுக்குத் தெருவைப் பார்க்கத் திருப்பினால் 16-க்கு 30 அடியில் ஐந்து சிறு மனைகள். ஒரு சதுர அடிகூட வீணாகாது. ஐந்துக்கும் பெரிய மனைக்காரர் போகிற அதே தெரு, அதே தெருவிளக்கு, அதே குடிநீர்க் குழாய். ஆறு முனைகளில் முப்பது மனையும் அடங்கிவிடும். ஒரே இடத்தில் ஐந்துக்கு மேல் சேராது.

இங்கேதான் சண்டை. கார்னர் மனைக்குத்தான் விலை அதிகம். "கார்னர எடுத்து அவங்களுக்குக் குடுத்தா அந்த லைன்ல ஒன்னு கூட போவாது சார்" என்பார்கள். நான் எல்லா முனையையும் கேட்பதில்லை. நுழைவுச் சாலையைப் பார்த்த முனைகளை அவருக்கே விட்டுவிட்டு உள்தெரு முனைகளைப் பேசி வாங்குவேன். சிறு மனை ஐந்தில் சாலைத் திருப்பத்தில் வருவதைத் தையல்காரரோ இஸ்திரி போடுகிறவரோ வாங்கினால் முன்னறையில் கடை வைப்பார். பெரிய வீட்டுக்காரர்கள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் வாரம் துணி கொடுத்தனுப்புவார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், காவலாளி, மீன் கொண்டுவரும் அம்மா என எல்லோரும் இரண்டு பஸ் மாறி வராமல் தெருமுனையிலிருந்து வருவார்கள் என்றால் ப்ரொமோட்டருக்கே அது விளம்பரம்தான்.

வரைந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. பத்திரம் பதிவான பிறகுதான் சிறு மனைக்கு ஆபத்து. ஒரே ஆள் மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என வாங்கி மூன்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் அடைப்பார். சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரை யாரும் அளக்கப் போவதில்லை. மகாராஷ்டிரத்தில் பெரிய திட்டங்களில் ஒதுக்கும் 20 சதவீத வீடுகளை மாடா என்ற வீட்டுவசதி வாரியம் குலுக்கலில் விடுகிறது. வருமானச் சான்று கேட்டு, பெயர் எடுத்துக் குலுக்கும்போது மச்சான் பெயர் அவ்வளவு சுலபமாக நுழையாது. பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றில் "இது இ.டபிள்யூ.எஸ். மனை" என்று ஒரு வரி ஏறினாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்து வாங்குகிறவரும் கடன் கொடுக்கும் வங்கியும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஏழைகளின் வீட்டுவசதிக்கான ஷெல்டர் ஃபண்ட் என்ற நிதிக்குக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் வீடு கட்டலாம். அந்த வீடு எங்கே வரும் என்பதுதான் என் கவலை. ஏழைகளுக்கான வீடு நிலம் மலிவான இடத்தைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் பார்த்துவிட்டோம். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் ஊரிலேயே நின்றுவிட்டன.

பாரிஸ் புறநகரில் ஆஷெலெம் வீட்டில் குடியிருக்கும் சொந்தக்காரர் எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்கு உண்டு. அந்தச் சமூக வீடுகளை எல்லா ஊரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று பிரான்ஸ் 2000 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது. அதன் 55-ஆம் பிரிவு, நகரப் பகுதிகளில் குறிப்பிட்ட மக்கள்தொகையைத் தாண்டிய ஊர்களில் 20 சதவீதம் சமூக வீடுகள் வேண்டும் என்றது. 2013-ல் பெரும்பாலான ஊர்களுக்கு அது 25 ஆனது. எட்டாத ஊர் அபராதம் கட்ட வேண்டும். பாரிஸை ஒட்டிய நெய்யி போன்ற பணக்கார ஊர்கள் ஆண்டுக்கணக்கில் அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு கட்டாமலே காலம் தள்ளின. பணம் கட்டித் தப்பிக்க வழியிருந்தால் பணம் உள்ளவர் அதைத்தான் எடுப்பார். நியூயார்க்கில் இன்னொரு தந்திரம்: ஒரே கட்டடத்தில் வீடு கொடுத்துவிட்டு, குறைந்த வாடகைக்காரருக்குத் தனி வாசல் வைத்தார்கள். ஊர் சிரித்தது, 2015-ல் வரிச்சலுகைச் சட்டத்தைப் புதுப்பித்தபோது தனி வாசலுக்கு இடமில்லாமல் செய்தார்கள். நம் வாய்க்கால் ஓரத்துக் கோணல் துண்டும் அந்தத் தனி வாசலும் ஒரே கை வேலை.

ப்ரொமோட்டரை மட்டும் வில்லனாக்குவதும் சரியில்லை. நிலம் வாங்கி முடித்தபின் புதிதாக ஒரு விதி வந்தால் அவர் அதை மற்ற நூறு மனைகள் தலையில்தான் ஏற்றுவார். விதி முன்னாலேயே தெரிந்து, பல ஆண்டு மாறாமல் நின்றால் நிலக்காரரிடமே அந்த அளவுக்கு விலையைக் குறைத்துப் பேசுவார். அமெரிக்காவின் மேரிலாந்தில் மான்ட்கோமரி கவுன்டி 1974-லேயே இப்படிப் பங்கு ஒதுக்கும் விதியைக் கொண்டுவந்தபோது, ஒதுக்குகிறவர்களுக்குக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதியும் கொடுத்தது. இங்கே எஃப்.எஸ்.ஐ.யில், அதாவது நிலப்பரப்புக்கு ஏற்ற கட்டடப் பரப்பில், அதைக் கொடுக்கலாம். இன்னொன்று, எங்கள் எல்லைக்கு மட்டுமே உரியது: முள்ளோடைக்கு இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் ஒரு சட்டம் என்றால் முதலீடு லேசான பக்கம் சாயும். பி.பி.ஏ.யும் டி.டி.சி.பி.யும் இந்த ஒரு விஷயத்திலாவது ஒரே அளவுகோலை வைத்தால் 240 சென்ட் தந்திரத்துக்கும் முடிவு வரும்: ஒரே பாதையைப் பயன்படுத்தும் நிலம் எல்லாம் ஒரே மனைப்பிரிவு என்று கணக்கெடுக்க வேண்டும்.

விதிப் புத்தகத்தில் சதவீதத்தைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பத்தே இருக்கட்டும். அதன் கீழே மூன்று வரிகள் சேர்த்தால் போதும். சிறு மனைகள் ஐந்துக்கு மேல் ஓரிடத்தில் சேரக் கூடாது. பெரிய மனைகள் பார்க்கிற அதே அகலச் சாலையை அவையும் பார்க்க வேண்டும். அந்த நிலத்தின் தாழ்ந்த மட்டத்தில் அவை இருக்கக் கூடாது. மூன்றையும் ஸ்கேலும் லெவல் கருவியும் வைத்து அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். இடம் போதாது என்று சொல்லும் எந்த ப்ரொமோட்டரும் தன் படத்தை எடுத்து வரட்டும். எந்த முனையைத் திருப்பலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.