கிரீஸ் படிந்த கைக்குத் தீட்டில்லை

சாதி பார்க்கிறவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. கிரீஸும் கரி ஆயிலும் முழங்கை வரைக்கும் அப்பியிருக்கும்போது எங்கள் கை அவர்கள் வண்டியில் எந்த இடத்தையும் தொடலாம். ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், சீட்டைத் தூக்கலாம், டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிற சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை இழுக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, நன்றாகக் கழுவிவிட்டு வந்து நின்றால் அதே கையிலிருந்து சாவியை வாங்க மாட்டார்கள். "அப்பிடி பானட்டு மேல வச்சுட்டுப் போ" என்பார்கள். அழுக்குக் கைக்கு இல்லாத தீட்டு கழுவின கைக்கு எங்கிருந்து வருகிறது? அழுக்காக இருக்கிற வரைக்கும் அது வேலை. கழுவிவிட்டால் அது ஆள். அவர்களுக்கு வேலை வேண்டும், ஆள் வேண்டாம்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு ஜீப் பட்டறையில் 11 வருசம் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஜீப் என்பது சொகுசு வண்டி இல்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு கிளம்பும் எங்கள் பெண்களை அள்ளிக்கொண்டு போவது ஜீப்புதான். களை வெட்டவும் காய் எடுக்கவும் போகிறவர்கள் அவர்கள். பின்னால் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போவார்கள். முன் சீட்டு காலியாக இருந்தாலும் எங்கள் காலனிப் பெண்கள் அதில் ஏறக்கூடாது. அது எழுதாத சட்டம். டிரைவருக்குத் தெரியும், எங்கள் பெண்களுக்கும் தெரியும்.

அந்த வண்டியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் அந்த நாட்டு ராணுவம் அதற்கு எழுதிவைத்த பெயர் 'கால் டன், நாலுக்கு நாலு டிரக்'. போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி அதை உழவனுக்கும் தோட்டக்காரனுக்கும் விற்றது. 1953இல் வந்த சி.ஜே.3பி மாடலுக்குப் பானட் உயரம். உள்ளே இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் உயரமானது என்பதால் அப்படிச் செய்தார்கள். இங்கே மகிந்திரா கம்பெனி அதே வண்டியைப் பல வருசம் செய்தது. பெட்ரோல் கட்டுப்படி ஆகாமல் போனபோது எங்கள் பக்கத்தில் எல்லோரும் டீசல் எஞ்சினுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பட்டறைகள் பிழைத்ததே இந்த மாற்று வேலையில்தான்.

எஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். மூன்றும் ஒன்றோடொன்று கோத்தவை. எஞ்சின் பலத்தைக் கொடுக்கிறது, கியர்பாக்ஸ் அதை வேகத்துக்கோ இழுவைக்கோ மாற்றுகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு பிரிக்கிறது. நல்ல ரோட்டில் பின் சக்கரம் மட்டும் தள்ளும். முன் சக்கரத்துக்குப் பங்கு கிடைப்பது சேற்றில் மாட்டிக்கொண்டு லீவரைப் போடும்போதுதான். எங்களைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

மூன்றையும் வண்டியில் ஏற்ற இரண்டு வழி. தரையிலேயே மூன்றையும் கோத்து, செயின் பிளாக்கில் கட்டித் தூக்கி, சாய்த்து உள்ளே இறக்குவது ஒன்று. எஞ்சினை மட்டும் மேலே இருந்து இறக்கி, மற்ற இரண்டையும் அடியிலிருந்து தூக்கி மாட்டுவது இன்னொன்று. நான் இருந்த பட்டறையில் எப்போதும் இரண்டாவது வழிதான். காரணம், அடியில் படுக்க ஆள் இருந்தோம். கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி உந்தி, மேலே இருக்கிற ஓட்டைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மேலே நிற்கிற பெரிய மெக்கானிக், "இன்னுங் கொஞ்சம் தூக்குடா, நீயெல்லாம் கஞ்சி குடிக்கிறியா இல்லையா?" என்பார். அவருக்குப் பேர் மெக்கானிக். எனக்குப் பேர் 'அடி ஆளு'. டீ வந்தால் அவருக்குக் கண்ணாடி கிளாஸ், எனக்கு ஆணியில் தொங்கும் அலுமினியத் தம்ளர்.

1989இல் போடிப் பகுதியில் சாதிக் கலவரம் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் ஊருக்குப் போய்விட்டோம். ஓய்ந்து திரும்பியதும் பட்டறை முதலாளி ஆள் அனுப்பினார். உயிரோடு இருக்கிறேனா, வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை. வந்தவன் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் எறக்கிப் போட்ட வண்டி அப்பிடியே கெடக்கு, கியர்பாக்ஸ யாரு கோக்குறதுன்னு மொதலாளி கேக்குறாரு." போனேன். கோத்தேன். வேறென்ன செய்வது? ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. நான் இல்லாமல் அந்த வண்டி நகரவில்லை.

1998இல் நாங்கள் எங்களுக்கென்று ஒரு ஜீப்பைக் கட்டினோம். 'நாங்கள்' என்றால் நான், என் தம்பி, காலனிப் பையன்கள் நாலு பேர். பணம் பெண்களின் சீட்டுப் பணம். பழைய இரும்புக் கடையில் ஒரு சி.ஜே.3பி கூடு. விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி. அதோடு பெல் ஹவுசிங்கும் மூன்று கியர் டி-90 பெட்டியும் கிடைத்தன. ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு இடத்தில்.

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தோம். நடுப் பல்சக்கரம் சுற்றுகிற தண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. இதுதான் இந்தப் பெட்டியின் வழக்கமான வியாதி. ஆயில் ஒழுகும், ஊளையிடும். தண்டையும் ஊசி பேரிங்குகளையும் புதிதாகப் போட்டோம். பின்பக்க மூடிக்கடியில் ஷிம் தகடு வைத்து அவுட்புட் தண்டின் ஆட்டத்தைச் சரிசெய்தோம். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலிலிருந்து எட்டுப் பங்குதான் ஆட்டம் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்த பையன்தான் அந்தத் தகடுகளை எண்ணிப் போட்டான்.

கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளே நீட்டிக்கொண்டு வரும். அதன் நுனியில் பல்சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, காட்டர் பின் போட்டு மடக்க வேண்டும். பின்னை மறந்தால் நட்டு கழன்று பெட்டியே போய்விடும். அடுத்து கிளட்ச். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிக்கொண்டோம். நடு பிசகினால் கியர்பாக்ஸ் உள்ளே போகாது. அவசரக்காரன் போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைப்பான். பெல் ஹவுசிங் காது உடையும்.

மூன்றையும் தரையிலேயே கோத்தோம். கிரில்லையும் ரேடியேட்டரையும் கழற்றி, கிராஸ் மெம்பரை இறக்கி வைத்தோம். காலனிப் புளியமரக் கிளையில் செயின் பிளாக். பின்பக்கம் தாழ, முன்பக்கம் உயர, சாய்ந்தபடி உள்ளே போனது. யார் நெஞ்சிலும் எதையும் ஏற்றவில்லை. கிராஸ் மெம்பர் போல்ட் மாட்ட அடியில் போகத்தான் வேண்டும். முறை வைத்துப் போனோம். நானும் போனேன், கடைக்குட்டியும் போனான். அடியில் போவது இழிவான வேலை இல்லை. ஒருத்தனையே எப்போதும் அடியில் வைத்திருப்பதுதான் இழிவு.

டீசல் பைப்பிலிருந்து காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தபோது கரும்புகை கக்கி, இருமி, நின்று பிடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எஞ்சினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அது. அலைந்து பதிந்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் எங்கள் ஆத்தாவின் பெயர்.

சோதனை ஓட்டம் ஊர்த்தெரு வழியாக. எங்கய்யா சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போன தெரு அது. பட்டறையில் இருந்தபோதும் அதில் ஜீப் ஓட்டியிருக்கிறேன், "யார்ரா அவன்?" என்று கேட்டால், "மெக்கானிக்கு, டெஸ்டு பாக்குறான்" என்று ஓனர் சொல்வார், விட்டுவிடுவார்கள். இந்தமுறை சொல்ல ஓனர் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார்கள். மறுநாள் விடியக்காலையில் நாலு டயரிலும் காற்று இல்லை. காற்றடிக்கத் தெரியாதவர்களா நாங்கள்? ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டோம்.

நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றி, பறையைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். இந்தத் தொழிலறிவையும் எழுதுங்கள் என்று படிக்கிற தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். பரம்பரைத் தொழில் என்று நம் தலையில் கட்டியது அல்ல இது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கண்ணால் பார்த்துத் திருடிய அறிவு. இதற்குச் சான்றிதழ் இல்லை, கூலி மட்டும் உண்டு. அதனால்தான் இதை அறிவு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் வண்டியின் முன் சீட்டுக்கு முதல் வாரமே சண்டை வந்தது. எல்லோருக்கும் ஆசை. "இத்தன நாளு எவளுக்கும் இல்ல, இப்ப ஒருத்திக்கே பட்டாப் போட்ற முடியுமா?" என்றாள் ஒரு கிழவி. கடைசியில் முறை வைத்தார்கள். திங்கட்கிழமை ஒருத்தி, செவ்வாய்க்கிழமை அடுத்தவள். முறை எழுதின அட்டையை டேஷ்போர்டில் ஒட்டினோம்.