ராஜுலாவின் இன்ஜின்

பழைய கப்பலின் நீராவி இன்ஜினைக் கணினித் திரையில் ஓடவிட இரண்டு வழிகள் உண்டு. பிஸ்டனுக்கு ஓர் அசைவு, கிராங்குக்கு ஓர் அசைவு என்று தனித்தனியே கொடுத்து, எல்லாம் ஒத்துப்போகும்படி செய்வது முதல் வழி. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டாவது வழியில் எந்தப் பாகத்துக்கும் அசைவைக் கையால் கொடுப்பதில்லை. நீராவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கிராங்கைத் திருப்பும், கிராங்க் தண்டு வால்வை நகர்த்தும், அந்த வால்வு அடுத்த மடக்கு நீராவியை உள்ளே விடும். ஒரு கணக்கு பிசகினாலும் இன்ஜின் நின்றுவிடும். மாதிரி என்று சொல்லத் தகுந்தது இதுதான்.

தமிழ்நாட்டில் இப்படி ஓட்டிப் பார்க்க வேண்டிய இன்ஜின் ஒன்று உண்டென்றால் அது எஸ்.எஸ். ராஜுலாவினுடையது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்ட 8,478 டன் கப்பல் அது. இரண்டு புரொப்பெல்லர்கள், இரண்டு நீராவி இன்ஜின்கள். போர்க்காலம் நீங்கலாகக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. தொடக்க காலத்தில் 5,000 டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் புறப்பட்டவருக்கு வழி நேரானது: பூதலூரில் ரயில், தஞ்சாவூர் தாண்டி நாகப்பட்டினம், அங்கே படகேறி, கரைக்கு வர முடியாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல். பெட்டியும் பாயுமாக டெக்கில் படுத்தவர்களுக்குக் கீழே அந்த இன்ஜின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. 1973-ல் கப்பல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து ‘ரங்கத்’ என்று பெயர் மாறியது; 1974-ல் உடைக்கப்பட்டது. இனி அதை ஓட்டத் திரை ஒன்றுதான் இடம்.

ராஜுலாவின் இன்ஜின் ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன் வகை. ஒரே நீராவியிடம் மூன்று தடவை வேலை வாங்குவது. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளிவிட்டு, அழுத்தம் குறைந்து நடுத்தர சிலிண்டருக்குப் போகும். இன்னும் தளர்ந்து பெரிய சிலிண்டருக்குப் போகும். கடைசியில் கண்டென்சரில் தண்ணீராகிப் பாய்லருக்கே திரும்பும். கடல்நீரின் உப்பு பாய்லருக்கு ஆகாது என்பதால் நல்ல தண்ணீரை வீணாக்க முடியாது. ஒரே நீராவியிடம் மறுபடியும் வேலை வாங்கும் இந்த யோசனை வேறு உருவில் இன்றும் மேட்டுப்பாளையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின், பல்சக்கரப் பாதையில் ஒரு ஜோடி சிலிண்டர் பயன்படுத்திய நீராவியை இன்னொரு ஜோடிக்கு அனுப்புகிறது. இந்த நூற்றாண்டிலும் அந்த வகை இன்ஜின்களைப் புதிதாகச் செய்தது திருச்சி பொன்மலைப் பணிமனை.

ராஜுலாவில் இறங்கும் முன் கை பழக ஏற்றது இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி கப்பலின் இன்ஜின். அதே வகை, 2,710 கப்பல்கள் கட்டப்பட்டதால் அளவுகள் எல்லாம் அச்சில் உள்ளன. சிலிண்டர்களின் விட்டம் 24½, 37, 70 அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 48 அங்குலம், நிமிடத்துக்கு 76 சுற்று, 2,500 குதிரைத்திறன். விட்டங்களை வர்க்கம் செய்து பார்த்தால், கடைசி சிலிண்டரின் கொள்ளளவு முதல் சிலிண்டரைப் போல எட்டு மடங்கு. தளர்ந்த நீராவிக்கு விரிய இடம் வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரமையா ஓ’பிரையன் என்ற லிபர்ட்டி கப்பல் இன்னும் ஓடுகிறது. 1997-ல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில் இன்ஜின் அறையாகத் தெரிவது அதன் இன்ஜின்தான்.

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிராங்க் கால் சுற்று திரும்பும்போது பிஸ்டன் சரியாகப் பாதி தூரம் வந்திருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். கனெக்டிங் ராட் சாய்ந்து நிற்பதால் அப்படி வராது. கிராங்கின் நீளம் 24 அங்குலம், ராட் அதைப் போல நான்கு மடங்கு, அதாவது 96 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கால் சுற்றில் பிஸ்டன் நடுப்புள்ளிக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கும். திரையில் அந்த மூன்று அங்குலம் யார் கண்ணிலும் படாது. ஆனால் வால்வு திறக்கும் நேரம், மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் செய்யும் வேலையின் பங்கு எல்லாம் அதனால் மாறிவிடும். இதை விட்டுவிட்ட மாதிரி பொம்மைதான்.

வால்வை டெல்டாக்காரருக்கு விளக்குவது எளிது: மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது போன்ற வேலை, நொடிக்கு ஒரு தடவைக்கும் மேல். பிஸ்டன் கடைசிக்குப் போகும்வரை நீராவியை விடுவதும் இல்லை. வழியிலேயே அடைத்துவிட்டு, உள்ளே போனது தானே விரிந்து தள்ளட்டும் என்று விடுவார்கள். அக்காலக் கப்பல்களில் பரவலாக இருந்த ஸ்டீபன்சன் முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க் தண்டில் இரண்டு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) இருக்கும், ஒன்று முன்னால் போக, ஒன்று பின்னால் போக. இரண்டின் தண்டுகளும் ஒரு வளைந்த சட்டத்தின் இரு முனைகளில் சேரும். சட்டத்தைத் தள்ளினால் வால்வு ஒன்றை விட்டு மற்றதன் பேச்சைக் கேட்கும். கப்பல் பின்னோக்கி நகரத் தொடங்கும். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் மிகப் பொறுமை கேட்கும் பகுதி இதுதான். இது சரியாக அமைந்த நாளில்தான் இன்ஜினுக்கு உயிர் வரும்.

வரைபடங்கள் உருவத்தைத் தரும், ஒலியைத் தரா. துடிப்பு எப்படி இருந்தது, டெக்கின் எந்த இடத்தில் அதிர்வு தெரிந்தது, நாகப்பட்டினத்துக்கு வெளியே இன்ஜின் நின்றபோது அமைதி எப்படி இறங்கியது என்பதெல்லாம் பயணம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ராஜுலாவின் கடைசி ஆண்டுகளில் இருபது வயதில் ஏறியவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைக் கைப்பேசியில் இந்த மாதமே பதிவு செய்து வையுங்கள்.