சபைக் காசு ஓர் அமானிதம்



போன கிழமை தரம் 10 குடியுரிமைக் கல்விப் பாடத்தில் உள்ளூராட்சி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், நெடுந்தீவில நாலாயிரம் சனம் மட்டில தானே இருக்கு. அதுக்கு ஏன் 13 உறுப்பினர்? அந்தக் காசுக்கு றோட்டு லைற் போடலாமே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருசங்களுக்கு முன் நானும் அதையேதான் சொல்லித் திரிந்தேன்.

2018 தேர்தலோடு நாடு முழுக்க உள்ளூராட்சி உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய 4,500 இலிருந்து 8,000க்கு மேல் போனது. வீண்செலவு என்று அப்போதே முணுமுணுத்தேன். பிறகு 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் காசில்லை என்று நின்றுபோனது. "நல்லது, காசாவது மிச்சம்" என்று ஆசிரியர் அறையில் சொன்னவன் நான்தான்.

மார்ச் 19ஓடு சபைகளின் காலம் முடிந்தது. நிர்வாகம் செயலாளர்களின் கைக்குப் போனது. இரண்டு வருசத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

அந்தக் காலத்தில் நான் பஸ்ஸுக்கு நடந்துவரும் ஒழுங்கையில் ஒரு லைற் எரியாமல் போனது. எந்த ஊர், எந்தச் சபை என்று எழுதவில்லை. ஒருவரையும் குறை சொல்வது என் நோக்கமில்லை. முந்தியென்றால் வட்டார உறுப்பினரைத் தேத்தண்ணிக் கடையடியில் பிடித்துக் கேட்டிருப்பேன். இப்போது கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "ஒதுக்கீடு இல்லை சேர்" என்றார். வெளியே வரும்போது வாசலுக்குப் புது ரைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்கள். அது அவசியமான வேலையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் லைற்றா ரைல்ஸா என்று சபையில் எழும்பிக் கேட்க ஒருவரும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சிக்கனம் வேறு, கேட்க ஆளில்லாமல் விடுவது வேறு.

தீவகத்துச் சபைகளுக்குச் சிக்கனம் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆதன வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி விற்றால் வரும் முத்திரைத் தீர்வை, இவைதான் சொந்த வருமானம். புங்குடுதீவிலும் வேலணையிலும் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! உரிமையாளர்கள் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். நயினாதீவுக்கு அம்மன் திருவிழாவுக்கும் நாகவிகாரைக்கும் ஆயிரக்கணக்கில் சனம் வந்து போகிறது. அவர்கள் விட்டுப்போகும் குப்பை மட்டும் ஊருக்கு மிஞ்சுகிறது.

பெரிய வேலைகள் வெளியிலிருந்து வருகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்றாலை மின்சாரத் திட்டம் இந்திய நன்கொடையில் வருகிறது. சபைக்கு மிச்சம் தெருவிளக்கு, வடிகால், குப்பை, பொதுக் கிணறு, மயானம், வாசிகசாலை. சின்ன வேலைகள்தான். ஆனால் சபை செய்யாவிட்டால் அவற்றை வேறொருவரும் செய்யமாட்டார்கள். முதலில் அவை, மிஞ்சினால்தான் வளைவும் மேடையும் பெயர்க்கல்லும். நான் சொல்லும் சிக்கனம் அவ்வளவுதான்.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் பற்றி எங்கள் வீடுகளில் ஒரு கதை சொல்வார்கள். அரச எண்ணெயில் எரிந்த விளக்கடியில் அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் குடும்பச் சுகம் விசாரித்ததும் அந்த விளக்கை அணைத்துவிட்டுத் தன் சொந்த விளக்கை ஏற்றினாராம். பொதுக் காசு அமானிதம் என்பதற்கு இதைவிட எனக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஆனால் கலீபா தானாகவே அணைத்தார். எல்லாக் கதிரையிலும் ஒரு உமர் இருக்கமாட்டார். அதனால்தான் கணக்குக் கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆளுக்குப் பலமும் உண்டு. 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றது. முதல்வர் பதவி இழந்தார். அதில் கட்சி அரசியலும் இருந்ததுதான். ஆனாலும் செலவுத் திட்டத்துக்குச் சபையின் சம்மதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செயலாளர் மட்டும் இருந்த காலத்தில் அந்தத் தடை இல்லை.

2024 ஓகஸ்டில், தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் வாக்களித்தோம், சபைகள் திரும்பி வந்தன. வட மாகாண சபைதான் 2018 ஒக்டோபரிலிருந்து உறுப்பினர் இல்லாமல் கிடக்கிறது.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில் இதுதான்: "13 கூடவா எண்டு கேக்கலாம், குறைக்கச் சொல்லவும் செய்யலாம். ஆனா பூச்சியமாக்கினா, மிச்சம் பிடிச்ச காசு எங்க போனதெண்டு கேக்க ஆள் இருக்காது."

பிறகு வீட்டுவேலை கொடுத்தேன். அவரவர் ஒழுங்கையில் எரியாத லைற்றுகளை எண்ணி வரவேண்டும். அவன் மூன்று என்று எழுதிக்கொண்டு வந்தான். பட்டியலை வட்டார உறுப்பினரிடம் கொடுக்கப் போகிறோம். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேட்கப் போகிறோம். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டப்படி அதை எழுத்தில் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் ஒழுங்கையில் எத்தனை? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.