கம்பிச் சூடு

அமீரகத்தில் மசாஃபியிலிருந்து புஜைராவுக்கு இறங்கும் மலைப்பாதையோரத் தோட்டம் ஒன்றில் எருக்குவியல் என் பொறுப்பு. அர்பாப்புக்கு, அதாவது முதலாளிக்கு, பேரீச்சை, எலுமிச்சை, கொஞ்சம் மா, பக்கத்தில் ஆட்டுக்கொட்டில். சேர்ந்த வருஷம் ஒரு தப்புக்கணக்குப் போட்டேன். ராமநாதபுரத்து வெயிலிலேயே குப்பை மக்குகிறதே, 45 டிகிரி அடிக்கிற இந்த ஊரில் ஒரே மாதத்தில் மக்கிவிடும் என்று புழுக்கையை வெட்டவெளியில் குவித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் புழுக்கை புழுக்கையாகவே கிடந்தது. உள்ளங்கையில் உருட்டினால் கூழாங்கல் சத்தம். வெயில் எருவை வற்றல் போட்டு வைத்திருந்தது.

ஊரில் அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் விழும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். உள்ளே வேலை செய்வது யார் என்று யோசிக்க எங்களுக்கு அவசியமே வந்ததில்லை. இங்கே வந்தது. உள்ளே வேலைக்காரர்கள் பாக்டீரியா. அதற்குப் பல்லும் இல்லை, வாயும் இல்லை. தீனி தண்ணீரில் கரைந்தால்தான் அதன் உடம்புக்குள் போகும்.

அந்தக் காய்ந்த குவியலையே பிரித்துப்போட்டு, நறுக்கிய பேரீச்ச ஓலையும் ஆடு கழித்த புல்லும் கலந்து, தண்ணீர் தெளித்து நெஞ்சளவுக்கு மறுபடி ஏற்றினேன். மூன்றாம் நாள் உள்ளே கை வைக்க முடியவில்லை. பேசில்லஸ் வகைப் பாக்டீரியா காய்ந்த காலத்தில் தடித்த ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும், ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் படித்தேன். புட்டியில் அடைத்து விற்கிற நுண்ணுயிர்க் கரைசலில் எனக்கு அதனால்தான் நம்பிக்கை இல்லை. இட்லி மாவுக்கு யாராவது கடையில் புளிப்பு வாங்குவார்களா? அவசரமென்றால் பழைய எருவில் இரண்டு கூடை போதும், உறைமோர் மாதிரி.

முதலில் கிளம்புகிறவை மிதச்சூட்டுப் பாக்டீரியா. சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று அவை சூட்டைக் கிளப்பும். 45 டிகிரி தாண்டினால் தாங்கள் மூட்டிய சூட்டிலேயே ஓய்ந்துபோகும். பிறகு வெப்பம் விரும்பிகளின் ஆட்சி. அரை அங்குலக் கம்பி ஒன்றைக் கைநீளத்துக்குச் செருகி, தேநீர் குடித்துவிட்டு வந்து உருவுவேன். பிடித்திருக்க முடிந்தால் குவியல் இன்னும் சோம்பலில் இருக்கிறது. விரல் விலகிக்கொண்டால் சரி. வெப்பமானி இருக்கிறது, 55-க்கும் 65-க்கும் நடுவில் காட்டும். 55-க்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து புரட்டல். வெளியே இருப்பது உள்ளே போனால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். 70-ஐத் தொட்டால் வேலைக்காரர்களே செத்துவிழுவார்கள், உடனே பிரித்துவிட வேண்டும். கோடையில் விடியற்காலை பஜ்ர் பாங்கு முடிந்த கையோடு புரட்டல். ஜனவரியில் புரட்டினால் குவியலிலிருந்து இட்லிச் சட்டி திறந்ததுபோல ஆவி எழும்.

கம்பிக்கு அடுத்த கருவி மூக்கு. மூத்திரத்து யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறவையும் இதே கூட்டம்தான். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கார்பன் 25, 30 பங்கு இருந்தால் அதைத் தங்கள் உடம்பாகக் கட்டிக்கொள்ளும். ஓலை குறைந்தால் காற்றில் விட்டுவிடும். கண் எரிகிற வாடை அடித்தால் உரம் பறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2022 ஜூலை வெள்ளத்தில் வேறு வாடை. புஜைரா துறைமுகத்தில் 255 மில்லிமீட்டர் பெய்த மழை அது. சாலைகளே ஆறான ஊரில் எருவைப் பற்றி யார் கேட்பது? நீர் வடிந்து போய்ப் பார்த்தேன். குவியல் சில்லென்று கிடந்தது, அழுகிய முட்டை நாற்றம். காற்று போகிற இடுக்கெல்லாம் தண்ணீர் அடைத்ததும், காற்று தேவைப்படாத கூட்டம் குடியேறிவிட்டது. ஓலையை அள்ளிக் கலந்து நாலு முறை புரட்டிய பிறகே சூடு திரும்பியது. அன்றிலிருந்து எல்லாம் பிடிக்கணக்குத்தான். கைப்பிடி எருவை இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

உப்புதான் எனக்கு இன்னும் பிடிபடாத சங்கதி. கடலோரக் கிணறுகளில் உப்பேறி வெகுநாளாயிற்று. எங்கள் கிணறும் கரிப்புதான். பாக்டீரியா எதையும் தின்றுவிடும், உப்பை மட்டும் தின்னாது. குவியல் பாதியாக வற்றும்போது தெளித்த தண்ணீரின் உப்பு அத்தனையும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த எருவை அள்ளிப்போட்டு எலுமிச்சைக் கன்றுகளின் இலை நுனியைக் கருக்கியவன் நான்தான். இப்போது கன்றுகளுக்கென்று தனியாக ஒரு சின்னக் குவியல். அதற்கு எங்கள் அறைகளின் ஏசி சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு கிடையாது. ஆகஸ்டில் காற்று பிசுபிசுக்கும்போது பக்கெட்டுகள் நிறையும். உடன் தங்கியிருக்கும் மலையாளி, "அண்ணனுக்கு நம்மளவிட அந்தப் புழுதான் முக்கியம்" என்பான். புழு இல்லை என்று பல தடவை சொல்லியாயிற்று.

சூடு இறங்கியபின் சாம்பல் பூத்தாற்போல வெள்ளை இழை படரும். ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா, ஓலையின் நாரைப் பதம் பார்க்கிறவை. முதல் மழை விழுந்த செம்மண் வாசனை இவற்றின் கைவேலை. அந்த வாசனை வரும்வரை எருவை மரத்தடிக்கு அனுப்ப மாட்டேன்.

இந்த வாரம் மூன்றாம் புரட்டல். மரத்துக்கு எப்போது என்று அர்பாப் கேட்டார். இன்னும் இரண்டு மாதம் என்றேன். இந்த வெயிலிலா என்று சிரித்தார். கம்பியை உருவி அவர் கையில் கொடுத்தேன்.