முதுகுவலி எங்கள் தலையெழுத்து அல்ல

"வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பெண்களின் வலியை ஒதுக்கிவிடுகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் காலனிகளில் முப்பத்தைந்து வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, முந்திரிக்கொட்டை பொறுக்குவது, செங்கல் சூளை, மூட்டை தூக்குவது என்று குனிகிற வேலையும் சுமக்கிற வேலையும் யாருக்கு என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. நிலம் வைத்திருப்பவர் வரப்பில் நிற்கிறார். நிலமில்லாத நாங்கள் சேற்றில் குனிகிறோம். இந்த வலியை வயதின் கணக்கில் எழுத நாங்கள் சம்மதிக்க முடியாது.

ஒருநாள் கூலியை விட முடியாது என்பதால், மறுநாள் வேலைக்கு அனுப்புகிற மருத்துவமே எங்களுக்கு நல்ல மருத்துவமாகிவிட்டது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குகிற வலி மாத்திரை, இல்லையென்றால் ஒரு ஊசி. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கூடவே ஸ்டீராய்டு கலந்து கொடுத்தால் வலி சட்டென்று அடங்கும். நாளடைவில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். எந்த மாத்திரை என்று கேட்டால், பெயர் தெரியாத பொட்டலத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய புரிதலும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. எங்கள் மக்கள் கடன் வாங்கிச் செலவழிப்பது பெரும்பாலும் பெல்ட்டுக்குத்தான்.

மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சி உதவும். கடைசிக் கட்டத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. முடக்குவாதம் வேறு. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் இறுகி, இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால் தாமதிக்கக் கூடாது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். அதற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் காசநோயும் வரும்.

"குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்று மருத்துவர் சொல்கிறார். குனிந்தால்தான் சோறு என்றிருப்பவளுக்கு அது எப்படி மருந்தாகும்? ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்கால ஊதியம் தர ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. விவசாயக் கூலிக்கு அதில் இடமில்லை. படுத்தால் பட்டினி.

அதனால் எங்கள் கோரிக்கை எளிமையானது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடக்கம். பிசியோதெரபிஸ்ட் ஊர்த்தெருவோடு திரும்பிவிடாமல் காலனிக்கும் வர வேண்டும். அதுவும் வேலை முடிந்து பெண்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் வர வேண்டும். வலி மாத்திரை சீட்டில்லாமல் விற்பதைத் தடுக்க வேண்டும். உடல் தேய உழைத்தவர்களுக்கு நோய்க்கால ஊதியம் வேண்டும்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் அரங்கம், 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவராக முடியாமல் 2017-ல் நாம் இழந்த குழுமூர் அனிதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை, அவள் தெருவைப் போன்ற தெருக்களில் நிமிர முடியாமல் கிடக்கும் முதுகுகளைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்கட்டும். பெயர் தெரியாத பொட்டலம் வைத்திருக்கும் அக்காமார்களே, அம்மாமார்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். நாங்களும் கூட வருகிறோம்.