சோலைவரி நிலுவை

பிரதேச சபையின் படிவங்களில் இதற்கு ஆதனவரி என்று பெயர். சுன்னாகத்தில் எங்கள் தலைமுறையினர் இன்றும் சோலைவரி என்றே சொல்கிறோம். இருபது, முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு, பெற்றோரின் வீட்டை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கவோ ஊருக்கு வருபவர்களில் பலர் முதலில் முட்டிக்கொள்வது இந்த வரியின் நிலுவையோடுதான்.

கணக்கு எளிது. வீட்டுக்கு ஓர் ஆண்டுப் பெறுமதி மதிப்பிடப்படும். அதில் ஒரு வீதம் வரியாகி, நான்கு காலாண்டுகளில் அறவிடப்படும். பெறுமதி 10,000 ரூபாயும் வரி 10 வீதமும் ஆனால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். முழு ஆண்டுக்கும் உரியதைச் சனவரி 31இற்கு முன்னர் கட்டினால் கழிவு உண்டு. கட்டாது விட்டால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சொத்தைக் கைப்பற்றி விற்கும் வரைக்கும் சபை போகலாம்.

என் ஒன்றுவிட்ட அண்ணர் 1986இல் கனடா போனவர். அவருடைய வீட்டுக்கான அற்றோணித் தத்துவம் என்னிடம் இருக்கிறது. நிலுவைப் பட்டியலைத் தொலைபேசியில் வாசித்தபோது மனிதர் கொதித்துப் போனார்.

"தம்பி, றோட்டிலை லைற் எரிஞ்சதோ? குப்பை அள்ளினவையோ? சனம் ஓடித் திரிஞ்ச காலத்துக்கு என்ன வரி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவோடு வலிகாமம் வெறுமையாகியது. 1996 ஏப்ரலில்தான் சனங்கள் திரும்பத் தொடங்கினர். தொண்ணூறுகளில் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1987இல் சட்டம் வந்த பிரதேச சபைகளுக்கு இங்கே முதற் தேர்தல் நடந்தது 1998 சனவரியில், அடுத்தது 2011இல். கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாத காலத்துக்கும் வரி ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொரு விடயமும் இருந்தது. நடுவே பல ஆண்டுகளுக்கு நிலுவையே இல்லை. யாரோ கட்டியிருக்கிறார்கள்.

1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடங்களில் அலைந்து, கடைசியில் அண்ணரின் வீட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பம் அது. சொந்தக் காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது. கடற்றொழிலை இழந்து கூலி வேலைக்குப் போன குடும்பத் தலைவர், வாடகை கேளாத வீட்டுக்காரருக்காகச் சோலைவரியைக் கட்டி வந்திருக்கிறார். 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட பின்னர், வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கித் திறப்பைத் தந்துவிட்டுப் போனவர், வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேடிப் போய்க் கேட்டபோதுதான் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பற்றுச்சீட்டுக்களை எடுத்துத் தந்தார். அத்தனையும் அண்ணரின் பெயரில்.

அதன் பெறுமதி காணி வழக்குகளை அறிந்தவர்களுக்கு விளங்கும். சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒருபோதும் உறுதி ஆகாது. ஆயினும், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கோருவோர் நீதிமன்றத்தில் முன்வைக்கும் சான்றுகளில் அதுவும் ஒன்று. தன் பெயரைப் பதிவித்துக்கொள்ள அவர் முயன்றிருக்கலாம். முயலவில்லை.

இதைச் சொன்னபோது அண்ணர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மிகுதி முழுவதையும் கட்டச் சொன்னார். அந்த மனிதர் கட்டிய தொகையையும் கணக்குப் பார்த்து அனுப்பினார். "இருந்த வீட்டுக்குக் கட்டினது ஐயா, அதைத் திருப்பி வாங்குறதே?" என்று அவர் மறுத்துவிட்டார்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் அனுப்புகிற நாம், சில ஆயிரம் ரூபாய் வரிக்கு முகஞ் சுளிக்கிறோம். இந்தப் பணம் கொழும்புத் திறைசேரிக்குப் போவதன்று. சந்தைக் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் நூலகத்துக்கும் இங்கேயே செலவாவது. நாம் இல்லாத காலத்தில், அந்த ஊரை மிஞ்சியிருந்தவர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள்.

எனவே, ஊருக்கு வரும்போது சபையில் ஆண்டுவாரியான கணக்கைக் கேட்டு வாங்குங்கள். இடப்பெயர்வுக் காலத்துக்குரியதில் ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். மிகுதியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இடையில் எவராவது உங்களுக்காகக் கட்டியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.